எனக்கு வெட்டினார், பேரனுக்கு வேண்டாம் என்றார்

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருடமாகப் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், மீதிப் பேர் என் கடன் நோட்டில் இருக்கிறார்கள். பெயரைப் போட்டால் "கடலூர்லேர்ந்து வந்தாரே, பெயின்ட் கடைக்காரர், அவருக்கு என்ன பண்ணீங்க" என்று விசாரிக்க நாலு பேர் பஸ் ஏறிவிடுவார்கள். அடையாளம் மட்டும் தருகிறேன். கடலூரிலிருந்து பாண்டிக்குள் நுழைகிற ரோட்டில், முதலியார்பேட்டைப் பக்கம், இரண்டு மாடி நர்சிங் ஹோம். கீழே மருந்துக் கடை, வாசலில் ஒரு வேப்ப மரம்.

நான் போன வேலை சுன்னத். 57 வயதில். எங்கள் வீட்டில் ஏழு தலைமுறைக்கு யாருக்கும் செய்ததில்லை. செய்துகொள்ள வைத்தது மதம் இல்லை, சர்க்கரை.

சர்க்கரை எனக்குப் பதினோரு வருடமாக இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் டாபாகிளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரையைச் சேர்த்தார்கள். 2020 கடைசியில் பேட்டன்ட் முடிந்து விலை மளமளவென்று இறங்கிய பிறகு எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் தாராளமாகப் புழங்குகிற மாத்திரை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது என்கிறார்கள், எனக்கும் அளவு இறங்கத்தான் செய்தது. ஆனால் போகிற வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் என்றால்? வெல்லப்பாகு சிந்திய இடத்துக்கு எறும்பு வருகிற மாதிரி, அங்கே பூஞ்சை வரும். எல்லாருக்கும் வராது. எனக்கு வந்தது.

முதலில் அரிப்பு. அப்புறம் முன்தோலின் விளிம்பில் மெல்லிய வெடிப்புகள். பழைய டிஸ்டெம்பர் சுவர் கோடு கோடாக விட்டுப்போகுமே, அப்படியே வட்டம் சுற்றி. க்ளோட்ரிமசோல் ஆயின்மென்ட் தடவினால் பத்து நாளில் ஆறும், அடுத்த மாதம் திரும்ப வரும். ஒவ்வொரு தடவை ஆறும்போதும் தோல் கொஞ்சம் இறுகிக்கொண்டே போனது. நாலாவது தடவைக்குப் பிறகு பின்னால் தள்ளவே முடியவில்லை. சிறுநீர் போகும்போது எரிகிற எரிச்சலில் பாத்ரூம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைக்கு வருகிறவரிடம் "உள்ளே ஈரம் இருக்குங்க, மேலே எதை அடிச்சாலும் நிக்காது" என்று விரிசலைத் தட்டிக் காட்டிச் சொல்கிற ஆள், தன் விரிசல் மேலே ஒரு வருடம் ஆயின்மென்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வீட்டம்மாதான் கண்டுபிடித்து, சர்க்கரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, சர்ஜனைப் பாருங்கள் என்றார்.

வேப்ப மரத்து நர்சிங் ஹோமுக்கு நான் நேராகப் போய்விடவில்லை. முதலில் போனது வேறொரு இடம். ரோட்டிலிருந்தே தெரிகிற போர்டு: லேசர் சிகிச்சை, வலி இல்லை, 20 நிமிடம், அன்றே வீடு. உள்ளே ஏ.சி., காபி மெஷின், சோபா. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தது. கவுன்சிலராம். முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" இரண்டாவது கேள்விதான் என்ன தொந்தரவு என்பது. லேசருக்கு 45,000 ரூபாய், நாளைக்கே பண்ணிக்கலாம் என்றது. எந்த லேசர், எப்படி வெட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஸ்டேப்லர்லதான் சார் பண்ணுவாங்க. ஆனா லேசர் மாதிரியேதான்" என்றது. டிஸ்டெம்பரைக் காட்டி "இதுவும் எமல்ஷன் மாதிரியேதான் சார்" என்று சொல்கிற வசனம். எத்தனை தடவை நானே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு என்னோடு மகள் வந்திருந்தாள். லாஸ்பேட்டையில் இருக்கிறாள், பார்மசி படித்தவள். பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மூன்று வயசுப் பேரனையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண் அவனைப் பார்த்ததும் "தம்பிக்குப் பண்ணிட்டீங்களா மேடம்? தோல் பின்னாடி போகுதா?" என்றது. போகவில்லை என்றாள் மகள். சிறுநீர் போகும்போது நுனி லேசாக பலூன் மாதிரி உப்புகிறது என்றும் வெகுளியாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். "அப்ப இதுவும் ஃபைமோசிஸ்தான் மேடம், தோல் இறுக்கம். தாத்தாவுக்கு வந்தது இவனுக்கும் வரும். இப்பவே எடுத்துட்டா யூரின் இன்ஃபெக்‌ஷன், கேன்சர், எய்ட்ஸ் எதுவும் கிட்ட வராது. ரெண்டு பேருக்கும் சேர்த்து 75,000 போட்டுக்கலாம்."

பேரன் அப்போது காபி மெஷினில் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரு சுவரில் ஓதம் என்று வந்த ஆளுக்கு வீடு முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் விற்றவன் நான். நல்லா இருக்கிற சுவருக்குப் பட்டி பார்க்கச் சொன்னவன் நான். விற்கிற குரல் எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டோம்.

அன்று ராத்திரி மகள் வீட்டில் பஞ்சாயத்து. மாப்பிள்ளை, ஒரேயடியாகச் செய்துவிடலாமே என்கிற கட்சி. அவரோடு வேலை பார்த்து அமெரிக்கா போன ஒருவருக்கு அங்கே பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே கேட்டார்களாம், செய்யட்டுமா என்று. "அவ்ளோ படிச்சவங்க சும்மாவா மாமா பண்ணுவாங்க?" என் வீட்டம்மா, குழந்தை மேலே கத்தி வைக்கப் பேச்சு எடுக்காதீங்க என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மகள் எதுவும் சொல்லாமல் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு இந்த விஷயத்தில் கேட்க ஒரு ஆள் இருந்தான். பரங்கிப்பேட்டைக்காரன், கடலூர் முதுநகரில் வலை, கயிறு வியாபாரம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன். மற்றவர்களுக்கெல்லாம் பாய், எனக்கு வாடா போடா. மறுநாள் கடையை மூடிவிட்டு அவனிடம் போனேன்.

அவனுக்கு ஏழு வயதில் நடந்ததாம். அப்போதெல்லாம் சுன்னத் செய்கிற ஒஸ்தாதான் வீட்டுக்கு வருவார். புதுச் சட்டை, மாலை, ஊர்வலம், வீட்டு வாசலில் பந்தல், உள்ளே நெய்ச்சோறு தாளிச்சா. எல்லாரும் கொஞ்சிக்கொண்டே இருக்க, மாமா ஒருத்தர் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மேலே பாருடா, காக்கா" என்றார். பார்த்தேன், காக்கா இல்லை, கீழே வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தான். அப்புறம் பத்து நாள் பாயில் மல்லாக்கப் படுக்கை. துணி மேலே படாமல் இருக்க, வேட்டியின் நடுவில் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார்களாம், சின்னக் கூடாரம் மாதிரி. தன் பேரன்களுக்கு அவன் ஒஸ்தாவைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு, சர்ஜன் கையால்.

"உங்கள்ல எல்லாரும் பண்றீங்களே, நோய் வராதுன்னு தானே? பேரனுக்குப் பண்ணிடலாமா?" என்று கேட்டேன்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களுக்கு இது மார்க்கம்டா. நோய் வராதுங்கறது நெசமா இருந்தாலும் பண்ணுவோம், பொய்யா இருந்தாலும் பண்ணுவோம். உம் பேரனுக்கு வைத்தியம் வேணுமா வேணாமான்னு டாக்டரைக் கேளு. என்னை எதுக்கு சாட்சிக்கு இழுக்கற?"

நியாயம்தான். இந்த விஷயத்தில் அதுவரை நான் கேட்டதிலேயே தெளிவான பேச்சு அது. கொஞ்ச நேரம் கழித்து, மகள் படித்துச் சொன்ன ஒன்றை அவனிடம் சொன்னேன். ஜெர்மனியில் கொலோன் நகரத்துக் கோர்ட் 2012-ல், நாலு வயது முஸ்லிம் பையன் ஒருவனின் வழக்கில், மதத்துக்காகச் செய்தாலும் இது உடலுக்குச் செய்யும் காயம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. முஸ்லிம்களும் யூதர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். அதே வருடம் டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, முறைப்படி செய்தால் தடையில்லை என்று ஆக்கிவிட்டது. பாய் கயிற்றுச் சுருளைத் தள்ளி வைத்துவிட்டு, "பையனைக் கேட்டா பண்றோம்? கேக்கறதில்லைதான். என்னையும் கேக்கல. எனக்கு வருத்தம் இல்ல. இருக்குன்னு ஒருத்தன் வந்து நின்னா, அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது" என்றான். அதற்கு மேல் டீ குடித்தோம். வேப்ப மரத்து டாக்டரைச் சொன்னது அவன்தான்.

இப்போது அந்த நர்சிங் ஹோம். ஓ.பி. சாயங்காலம் ஐந்து மணிக்கு. டோக்கன் நாலரைக்கே தீர்ந்துவிடும். டோக்கன் என்பது ஒரு பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுதிய நம்பர், அதில் 14 இரண்டு இருந்தது. அந்த இரண்டு 14-க்குள் ஒரு சண்டை. காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு ஃபேன். முதலில் போன இடத்தின் சோபாவை நினைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். பார்வைக் கட்டணம் 400. திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு, டார்ச் அடித்து ஒரு நிமிடம் பார்த்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் படம் போட்டார். வெளித்தோல், உள்தோல், நடுவில் தழும்பாகிச் சுருங்கிய வளையம். "தழும்பு ஆயிடுச்சு. இனி க்ரீம் போட்டு இளக்க முடியாது. எடுத்துடலாம்." நாளைக்கேவா என்றேன். எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, எவ்வளவு என்று கேட்டார். 9.1. "இந்த சர்க்கரையில வெட்டினா புண் ஆறாது. எட்டுக்குக் கீழே இறக்கிட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல." பணம் கட்டத் தயாராகப் போன ஆளைத் திருப்பி அனுப்பினார். என் கடையில் நான் செய்ய மாட்டேன்.

ஸ்டேப்லர் பற்றியும் கேட்டேன். அவர் அதைத் திட்டவில்லை. நல்ல கருவிதான், வேகமாக முடியும், பின்கள் இரண்டு மூன்று வாரத்தில் தானாக உதிரும், அவரும் சிலருக்குப் பயன்படுத்துகிறார். எனக்குத் தோல் தடித்துத் தழும்பு விழுந்திருப்பதால் கையால் தைப்பதே சரி என்றார். "லேசர்னு போர்டு வெச்சுட்டு ஸ்டேப்லரை எடுக்கறதுதான் எனக்குப் பிடிக்காது."

அப்புறம் பேரன். மகள் மடியிலேயே உட்காரவைத்துப் பார்த்தார். தோலை இழுக்கவே இல்லை, நுனியை மெல்ல முன்பக்கம் தூக்கி மட்டும் பார்த்தார். "யாராவது பின்னாடி இழுத்துப் பார்த்தீங்களா?" குளிப்பாட்டும்போது என் வீட்டம்மா கொஞ்சம் இழுத்துக் கழுவுவது வழக்கம். வேண்டாம் என்றார். பிறக்கும்போது முன்தோல் உள்ளே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், நகமும் சதையும் மாதிரி. அது தானாகப் பிரிய வருடங்கள் ஆகும், இழுத்தால் கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத நோய் வந்துவிடும். பலூன் மாதிரி உப்புவது அந்தப் பிரிகிற வேலையின் ஒரு கட்டம், சிறுநீர் தாரையாகப் போனால் போதும்.

இதை 1949-லேயே டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று மகள் அன்றிரவு தேடிச் சொன்னாள். புதிதாகப் பிறந்த 100 குழந்தைகளில் 4 பேருக்குத்தான் முன்தோல் முழுக்கப் பின்னால் போனது. 1968-ல் டென்மார்க் பள்ளிப் பையன்களைப் பார்த்த இன்னொருவர் கணக்கில், 6, 7 வயதில் 100-க்கு 8 பேருக்கு இறுக்கம் இருந்தது, 16, 17 வயதில் ஒருவருக்கு. நடுவில் கத்தி ஏறக்குறைய தேவைப்படவே இல்லை, வயசுதான் சரி செய்தது. அப்படியானால் மூன்று வயதில் தோல் போகவில்லை என்று சொல்லி ஆபரேஷன் விற்பது, பல் முளைக்காத குழந்தைக்குப் பல் செட் விற்கிற மாதிரி.

டாக்டர் கூடவே பயப்பட வேண்டிய அடையாளங்களையும் சொல்லி, மகளை எழுதிக்கொள்ளச் சொன்னார். நுனியில் வெள்ளையாக, அட்டை மாதிரி விறைத்த வளையம் வந்தால், திரும்பத் திரும்பக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தால், சிறுநீர் சொட்டு சொட்டாகப் போனால் வர வேண்டும். பின்னால் போன தோல் திரும்பி வராமல் மாட்டி வீங்கினால் அன்றைக்கே, ராத்திரி என்றாலும் வர வேண்டும். சும்மா இறுக்கம்தான் என்றால் முதலில் பீட்டாமெத்தசோன் க்ரீம் சில வாரம், அதிலேயே பெரும்பாலான பையன்களுக்குச் சரியாகிவிடும். கத்தி கடைசியில்.

எழுந்து வந்திருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. "அப்ப எய்ட்ஸ் வராது, கேன்சர் வராதுன்னு அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் பொய்யா டாக்டர்?"

"பொய் இல்லீங்க. உண்மையை வீடு மாத்திக் கொண்டாந்து இறக்கியிருக்கு" என்றார்.

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். இருந்தும் பத்து நிமிடம் பேசினார். மீதியை மகள் தேடிக்கொடுத்தாள், நான் கேட்டதையும் படித்ததையும் கலந்து சொல்கிறேன். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாட்டிலும் சேர்த்து 11,000 பேரை வைத்து ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்கு உடனே செய்தார்கள், பாதிப் பேருக்குப் பிறகு. செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் இதைத் தடுப்பு முறையாகவே ஏற்றுக்கொண்டது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் 15 நாடுகளை முக்கியமாக எடுத்துக்கொண்டு கோடிக்கணக்கானவர்களுக்குச் செய்தார்கள். அங்கே சில ஊர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்கு அந்தக் கிருமி இருந்தது. ஊர் எரியும்போது கூரையைப் பிரித்துப்போடுவது புத்திசாலித்தனம். நம் நாட்டில் பெரியவர்களில் 500 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. 60 சதவீதம் குறைந்தாலும் ஆணுறை தேவை இல்லாமல் போவதும் இல்லை. இன்னொன்று, அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் எல்லாம் தாங்களாக முன்வந்த இளைஞர்கள், பெரியவர்கள். காபி மெஷின் பொத்தானை அமுக்குகிற வயசில் யாரும் இல்லை. பேரனுக்கு அது வேண்டும் என்று தோன்றினால் இருபது வயதில் அவனே வந்து கேட்கட்டும், நான் இருக்க மாட்டேன், என் பையன் செய்வான் என்றார் டாக்டர்.

சிறுநீர்த் தொற்றுக் கணக்கு இன்னும் நன்றாக எனக்குப் புரிந்தது, கடைக்கணக்கு மாதிரி இருந்ததால். ஆரோக்கியமான பையன்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அது வரும். சுன்னத் செய்தால் அது நன்றாகக் குறையும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு தொற்றைத் தடுக்க ஏறக்குறைய 110 பையன்களுக்குச் செய்ய வேண்டும். தொற்று வந்தால் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. அந்த 110 பேரில் இரண்டொருவருக்கு ரத்தக் கசிவோ சீழோ வேறு தொல்லையோ வரும். சிறுநீரகக் குழாயில் பிறவிக் கோளாறு இருக்கிற பையன் என்றால் இதே கணக்கு தலைகீழாகும், அவனுக்கு டாக்டரே செய்யச் சொல்வாராம். கேன்சரும் அப்படித்தான். குழந்தையிலேயே செய்துகொண்டவர்களுக்கு அது குறைவு என்பது உண்மை. ஆனால் லட்சம் ஆண்களில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிற நோய், அதிலும் இறுகிய தோல், உள்ளே சேரும் அழுக்கு, எச்.பி.வி. கிருமி, சிகரெட் இவைதான் பெரிய காரணங்கள்.

மாப்பிள்ளையின் அமெரிக்கக் கேள்விக்கும் விடை கிடைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல், ஆபத்தைவிட நன்மை கூடுதல், ஆனாலும் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று சிபாரிசு செய்கிற அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு செய்யட்டும் என்றது. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010-ல், நோய் இல்லாத சிறுவனுக்குச் செய்யவே கூடாது என்கிற பக்கம் நின்றது. இரண்டு பேர் கையிலும் கிட்டத்தட்ட ஒரே ஆராய்ச்சிகள்தான். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் பரவியதன் ஆரம்பத்தில் லூயிஸ் சேயர் என்று ஒரு எலும்பு சர்ஜன். 1870-ல் நியூயார்க்கில், நடக்க வராத ஐந்து வயதுப் பையனுக்கு முன்தோலை எடுத்தார், கால் வந்துவிட்டது என்று அறிவித்தார். அப்புறம் வலிப்பு முதற்கொண்டு எதற்கெடுத்தாலும் இதே வைத்தியம். மகள் இதைப் படித்தபோது மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். "சரி மாமா, விட்டுடலாம்."

ஆறு வாரம் அரிசியைக் குறைத்து, சாயங்காலம் சில்வர் பீச்சில் மணலில் நடந்து, 7.6-க்குக் கொண்டுவந்தேன். ஆபரேஷனுக்குக் காலை ஏழு மணி. தியேட்டர் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஏறுவது பரவாயில்லை, இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அடியில் இரண்டு ஊசி போட்டார்கள். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றார் சிஸ்டர். எறும்பு இல்லை, குளவி. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. நான் பெயின்ட் கடைக்காரன் என்று தெரிந்ததும், தியேட்டர் சுவருக்கு என்ன அடிக்கலாம் என்று டாக்டர் பேச்சு கொடுத்தார். கீழே அவர் தைத்துக்கொண்டிருக்க, எப்பாக்ஸி அடித்தால்தான் டெட்டால் போட்டுக் கழுவினாலும் நிற்கும், சாதாரண எமல்ஷன் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று மேலே நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். எடுத்த தோலை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு எனக்குக் காட்டினார். காய்ந்த மிளகாய்த் தோல் அளவுகூட இல்லை. இதுவா ஒரு வருடம் என்னை நிற்கவைத்தது என்று இருந்தது. அது பயாப்ஸிக்குப் போகிறது என்றார். தழும்புக்குப் பின்னால் வேறு ஏதும் ஒளிந்திருந்தால் அதில்தான் தெரியும். முதலில் போன இடத்தில் இந்தப் பேச்சே எடுக்கவில்லை. பாட்டிலில் என் இனிஷியலைத் தப்பாக எழுதியிருந்தார்கள், நான்தான் பார்த்துத் திருத்தச் சொன்னேன். அந்த மாதிரி அசட்டை அங்கே உண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த கதை தனி. வாடகைக் கார்தான் என்றாலும் மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு ஊர் வேகத்தடையும் எங்கே இருக்கிறது என்பது இப்போது எனக்கு மனப்பாடம். மரப்பு கன்னியக்கோயிலோடு தெளிந்துவிட்டது. அங்கிருந்து ஆல்பேட்டை வரைக்கும் டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் பாய் சொன்ன வைத்தியம்தான் காப்பாற்றியது. ஃபேன் கொக்கியிலிருந்து கயிறு விட்டு லுங்கியைக் கூடாரமாகத் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தார்கள், ஒட்டிக்கொண்ட பஞ்சை வெந்நீர் விட்டு நனைத்து எடுத்தும் உயிர் போய் வந்தது. தையல் பிரிக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் கரைந்தது. விடியற்காலையில் தூக்கத்தில் தானாக விறைக்கும், அப்போது தையல் இழுத்து வலிக்கும் என்பதை அங்கே யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அது ஒரு குறை. டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலத்தில், டாக்டர் கையெழுத்தில். அது இன்னொரு குறை. ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது என்று மட்டும் என் வீட்டம்மாவை வைத்துக்கொண்டே தெளிவாகச் சொன்னார்கள். "ஆறு வாரம்தானா?" என்றாள் அவள்.

பில் மொத்தம் 16,800. டாக்டர், தியேட்டர், மருந்து, பயாப்ஸி 1,200 உட்பட. கார்டு வாங்க மாட்டார்கள், பணமோ ஜிபேயோ. பயாப்ஸியில் நாள்பட்ட அழற்சி, புற்று எதுவும் இல்லை என்று வந்தது. ஆறு மாதம் ஆகிறது, வெடிப்பு திரும்பவில்லை. கடைசி விசிட்டில் ஒன்று கேட்டேன். முதல் வெடிப்பிலேயே வந்து, மாத்திரையை மாற்றி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காதோ? "தேவைப்பட்டிருக்காமலும் போயிருக்கலாம்" என்றார், என் முகத்தைப் பார்த்தே.

பேரனை ஆறு மாதம் கழித்துக் காட்டச் சொன்னார். காட்டினோம், ஃபீஸ் வாங்கவில்லை. தோல் பாதி தானாகப் போகிறது. முதலில் போன இடத்திலிருந்து ஆடி மாதம் மகள் போனுக்குச் சலுகை மெசேஜ் வந்தது. அதே வாரம் நானும் என் வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் ஆடிச் சலுகை மெசேஜ் அனுப்பியிருந்தேன், வாட்டர்ப்ரூஃபிங்குக்கு.

பாய் மட்டும் சுன்னத்துக்குச் சோறு போடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவதாக மிரட்டினான். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். என் பங்கிலும் பாதியை அவனே சாப்பிட்டான், சர்க்கரை சர்க்கரை என்று சொல்லிக்கொண்டு.

போகிறவர்கள் நாலு மணிக்கே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். 14 வந்தால் மாற்றிக் கேளுங்கள். தளர்ந்த வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு போங்கள், பேன்ட் வேண்டாம். வண்டியை அந்த வேப்ப மரத்தடியில் நிறுத்தாதீர்கள், மேலே முழுக்கக் காக்கா. எச்சத்தை அன்றைக்கே துடைக்காவிட்டால் பானெட் பெயின்ட் போய்விடும், அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.